கரடிக்குட்டி கூண்டை விட்டு வந்த விதம்

அந்தக் கரடிக்குட்டி கூண்டிலிருந்து எப்படி வெளியே வந்தது என்று முப்பது வருடமாக எனக்குத் தெரியாது. போன வெள்ளிக்கிழமை என் மகள், "அம்மா, நீ சொல்லுவியே, அந்தக் கரடி கார்ட்டூன், ஃபோன்ல கெடக்கு" என்றதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அடுப்பில் கொதித்த மீன் ஆணத்துக்கு உப்புப் போட்டேனா என்பதே மறந்துவிட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, உள்ளறையில் படுத்திருந்த, என்னைப் பெற்ற அத்தாவை எழுப்பினேன்.

"அத்தா, இங்கிட்டு வாங்க. அந்தப் படம் கெடச்சிருச்சு."

எந்தப் படம் என்று அத்தா கேட்கவில்லை. எழுந்து சட்டையைத் தேடினார்.

அவர் சவுதியில் இருந்தபோது எனக்காக வாங்கி, எங்கள் ஊர் மீமிசலுக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்ட வீடியோ கேசட் அது. அதிலேயே தன் முகத்தையும் பதிந்து அனுப்பலாமே என்று யாரிடமோ கேமராவை இரவல் வாங்கியிருக்கிறார். படத்தைப் போட்டுப் பார்த்திருக்கிறார். குட்டியைப் பிடித்துக் கூண்டில் அடைக்கிறார்கள், திரை கறுக்கிறது. படம் முடிந்தது, மிச்சம் வெறும் டேப்தான் என்று நினைத்து அங்கேயே பதிந்துவிட்டார்.

அதற்கப்புறம் வீட்டில் நடந்த கூத்தைச் சொல்லி மாளாது. குட்டி கூண்டுக்குள் அழும். சட்டென்று அத்தா வருவார். "எல்லாரும் நல்லா இருக்கீங்களா? நான் நல்லா இருக்கேன். இங்க வெயில்தான் ஜாஸ்தி." பேச்சு தீர்ந்துபோய்ச் சும்மா எங்களையே பார்த்துக்கொண்டிருப்பார். பத்து நிமிடம் கழித்துப் படம் திரும்பும்போது குட்டி காட்டில் தாயோடு தேன் தின்றுகொண்டிருக்கும். நான் தரையில் புரண்டு அழுவேன். என் அம்மாவோ அத்தா வருகிற இடத்தை மட்டும் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அம்மா அத்தாவுக்கு எழுதிய கடிதத்தின் அடியில் நானும் எழுதினேன்: "அத்தா, இனிமே படத்துக்கு நடுவுல வராதீங்க. படம் கெட்டுப்போச்சு."

அதோடு சரி. அத்தா பிறகு பதினோரு வருடம் அங்கே இருந்தார். மிட்டாய் வந்தது, தைலம் வந்தது, போர்வை வந்தது. அவர் முகம் பதிந்த கேசட் மட்டும் வரவே இல்லை. அது என் இரண்டு வரியால்தான் என்று பெரியவளான பிறகுதான் உறைத்தது. எத்தனையோ முறை பேச்செடுக்கப் பார்த்தேன், வாய் வரவில்லை.

இப்போது மகள் ஃபோனில் இருந்த படத்தை டிவியில் போட்டுவிட, கூண்டு வந்தது. திரை கறுத்தது. அத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

காவல்காரன் தீனி வைக்கக் கூண்டைத் திறக்கிறான். சாத்த மறந்து போய்விடுகிறான். குட்டி வெளியே நடக்கிறது. அவ்வளவேதான். மீதி நேரம் முழுக்க ஒரே பாட்டு. முயலும் அணிலும் ஆடுகின்றன, ஆடுகின்றன, ஆடிக்கொண்டே இருக்கின்றன. என் மகள் கொட்டாவி விட்டாள். எனக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. சந்தோஷத்தில் அத்தாவின் கையைப் பிடித்து உலுக்கினேன்.

"அத்தா, பாத்தீங்களா? அங்க ஒண்ணுமே இல்ல. நீங்க ஒண்ணையும் கெடுக்கல. வெறும் பாட்டுத்தான்."

பாட்டு முடிகிற வரைக்கும் அத்தா டிவியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இம்புட்டுத்தானா?" என்றார். "அப்ப நான் இன்னும் ரெண்டு கேசட்டு அனுப்பியிருக்கலாம்மா."