சிவப்புச் சால்வையும் கலியாணக் கசெற்றும்

எங்கள் மூத்த மகளின் கலியாண வீடியோக் கசெற் கனடாவிலிருந்து வந்து சேர்ந்தபோது, உடுப்பிட்டியில் மின்சாரம் போய் வருடக்கணக்காகியிருந்தது. வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் என் மனைவி வெங்காயம் அடுக்கி வைத்திருந்தாள். அதற்குள் பல்லி குடியிருந்தது. அது இனி வேலைசெய்யுமா என்று யாரும் யோசித்ததுகூட இல்லை.

மகளை ஓர் ஏஜென்ட்டை நம்பி அனுப்பியவன் நான். மாப்பிள்ளையைப் படத்தில் மட்டும் பார்த்துச் சரி சொன்னவனும் நான்தான். கடிதங்களில் அவள் 'நான் நல்ல சுகம்' என்றுதான் எழுதுவாள். யார்தான் வேறு மாதிரி எழுதுவார்கள்? தாலி ஏறுகிற நேரம் அவள் முகம் எப்படியிருந்தது என்று எனக்குப் பார்க்க வேண்டும். பயந்தால் அவளுக்குக் கண் விரிந்து இமைக்காமல் நின்றுவிடும். குண்டுக்குப் பயந்து பதுங்குகிற பங்கர்க் குழிக்குள் அப்படித்தான் இருப்பாள். பயமில்லாத நாட்களில் விளக்கு வைத்துத் தேவாரம் தொடங்கிய உடனே கொட்டாவி விட்டுத் தாயிடம் குட்டு வாங்குவாள்.

வந்தது ஒரே ஒரு கசெற். மறுநாள் காலை அதை மாப்பிள்ளையின் தாய் தகப்பனிடம் கொடுத்துவிட வேண்டும். அவர்கள் அதையும் கொண்டு கொழும்புக்குப் பயணம். ஆகவே அச்சுவேலியிலிருந்து ஒருவரைப் பிடித்தோம். அவர் ஜெனரேற்றர், பெட்டி, வீடியோ டெக் எல்லாவற்றையும் லாண்ட்மாஸ்ரர் உழவு மெசினில் ஏற்றிக்கொண்டு மத்தியானமே வந்து இறங்கினார். இரவில் வெளிச்சம் காட்டப் பயம் என்பதால் பகலிலேயே யன்னல்களுக்குச் சாக்குக் கட்டி அறையை இருட்டாக்கினோம். ஜெனரேற்றரை ஆகாயத்திலிருந்து தெரியாதபடி பின்வளவு மாமரத்தின் கீழே வைத்தோம். பெரிய இராணுவ இரகசியம்போல எல்லாம் நடந்தது.

ஒரு சிக்கல் மட்டும் எஞ்சியது. அந்த வருடங்களில் எங்களைக் காத்தது காதுதான். தூரத்து இரைச்சலைக் கேட்டு, குண்டு போடுகிற பொம்மரா ஹெலியா என்று சின்னப்பிள்ளைகள்கூடச் சொல்லும். ஜெனரேற்றர் ஓடினால் அந்தக் காதுகள் செவிடு. ஆகவே வானத்தைப் பார்த்துச் சைகை காட்ட, அத்தானைப் பின்வளவுத் தண்ணீர்த்தொட்டிக் கட்டின் மேல் ஏற்றினோம். அக்காவின் புருஷன், ரயில் ஓடிய காலத்தில் ஸ்டேஷனில் கொடி காட்டியவர். ரயில் நின்ற பிறகு அவரிடம் யாரும் எதையும் காட்டச் சொல்லவில்லை. பச்சைத் துவாய் ஒன்றும் சிவப்புச் சால்வை ஒன்றும் எடுத்துக்கொண்டு, மடிப்புக் கலையாத காற்சட்டையோடு வந்தார்.

"சிவப்பு எண்டால் பொம்மர். பச்சை எண்டால் படம் பாக்கலாம்," என்றார். "இடையிலை ஒண்டும் கேக்கப்படாது."

"மஞ்சள் இல்லையோ அத்தான்?" என்றாள் என் மனைவி.

"ரயிலுக்கு மஞ்சள் இல்லைப் பிள்ளை."

மண்ணெண்ணெயில் ஓட வேண்டிய ஜெனரேற்றர் பெற்றோல் மணம் காட்டாமல் எழும்பாது. அச்சுவேலிக்காரர் ஒரு சின்னப் போத்தலால், குழந்தைக்கு மருந்து பருக்குவதுபோல, சில துளி விட்டு இழுத்தார். இருமியது. தும்மியது. பிறகு வீடே அதிர ஓடத் தொடங்கியது. கறுத்த புகை மாங்கொப்புக்குள் ஏறியது. அறையில் பல்ப் எரிந்தது. எங்கள் கடைக்குட்டி, மின்சாரத்தை அறியாத மகள், கதிரையில் ஏறி நின்று அதை 'பூ' என்று ஊதினாள். அணையவில்லை. இன்னும் பலமாக ஊதினாள். படம் பார்க்க வந்திருந்த அயல்சனம் சிரித்ததில் பாய் முழுக்கக் கடலை சிந்தியது.

படம் வந்தது, நிறம் வரவில்லை.

"உது கனடாக் கசெற், மாஸ்ரர். எங்கடை டெக்குக்குக் கறுப்பு வெள்ளையாத்தான் தெரியும்," என்றார் அச்சுவேலிக்காரர் என்னிடம்.

"கூறைச் சேலை சிவப்புத்தான். நான்தானே குடுத்து விட்டனான்," என்றாள் மனைவி. அதன் பிறகு எல்லோரும் சிவப்பாகவே பார்த்தோம்.

முதலில் பனி. பிறகு கார்கள். பிறகு யாரென்று தெரியாத ஆட்கள் சோறு சாப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். எண்ணெய் தீர்ந்துவிடுமோ, பொம்மர் வந்துவிடுமோ என்ற பயத்தில் நான் வாசலில் நின்றேன். ஒரு கண் திரையில், ஒரு கண் தொட்டிக்கட்டின் மேல். கடைசியில் மணவறை. மகள் தலைகுனிந்து வந்து இருந்தாள். மாப்பிள்ளை தாலியைக் கையில் எடுத்தார். நான் ஒருதரம் வெளியே பார்த்தேன்.

அத்தான் சிவப்புச் சால்வையை வீசிக்கொண்டிருந்தார். சாதாரண வீச்சல்ல. நாலு ரயிலை ஒன்றாக மறிப்பதுபோல.

"பொம்மர்!" என்று கத்தினேன். சனம் முழுவதும் பங்கருக்குள் பாய்ந்தது. கடைக்குட்டியை இடுப்பில் இடுக்கிக்கொண்டு நானும் பாய்ந்தேன். குண்டுக்குக் காத்திருந்தோம். ஜெனரேற்றர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. பிறகு பங்கர் வாசலை அடைத்துக்கொண்டு அத்தான் வந்து விழுந்தார். ஒரு பக்கக் கன்னம் பணியாரம்போல வீங்கியிருந்தது.

"எங்கை அத்தான் பொம்மர்?"

"பொம்மரோ? குளவி. உங்கடை புகை போய்க் கூட்டைக் கலைச்சுப்போட்டுது. சால்வையாலை துரத்தினனான்."

"பச்சையாலை துரத்தியிருக்கலாமே?"

"குளவி கொத்தேக்கை நிறம் பாக்கிறதோ?"

சிரிப்பு எங்கிருந்து வந்ததென்று தெரியவில்லை. பங்கருக்குள் மூச்சுமுட்டச் சிரித்தோம். இன்றும் தலைக்கு மேலே இரைச்சல் கேட்டால் பயம் வரும், கூடவே அந்தச் சிரிப்பும் வரும். அந்தச் சிரிப்பின் நடுவில்தான் தாலியின் நினைவு வந்தது. வீட்டுக்கு ஓடினேன். பாதி வழியில் ஜெனரேற்றர் இருமி நின்றது. தாங்கியில் ஒரு சொட்டு எண்ணெய் இல்லை, வீட்டிலும் வேறு இல்லை.

இருட்டறையில், கறுத்துப்போன பெட்டிக்கு முன்னால், மனைவி தனியே இருந்தாள். அவள் எழும்பவே இல்லை.

"உமக்கென்ன விசரோ? பொம்மர் எண்டு கத்தினனானெல்லே."

"கேட்டது. எழும்பினால் தாலிகட்டுப் போயிடும். அதுதான் இருந்திட்டன்."

"பாத்தனீரோ?"

"ஓம்."

"பிள்ளை சிரிச்சவளோ?"

"இல்லை."

"அழுதவளோ?"

"இல்லையப்பா. ஐயர் மந்திரம் சொல்லச் சொல்லக் கொட்டாவி விட்டவள். இவ்வளவு பெரிசா." வாயைத் திறந்து காட்டினாள்.

அவள் காட்டியது கொஞ்ச நேரத்தில் நிசக் கொட்டாவி ஆகிவிட்டது. எனக்கும் தொற்றியது. இடுப்பில் இருந்த கடைக்குட்டிக்கும். பின்னால் வந்து நின்ற அத்தான், வீங்கிய கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, நோகாமல் கொட்டாவியை எப்படி விடுவதென்று முயன்றுகொண்டிருந்தார்.