நாலாம் குமிழ்

வேதக்கோவில் ஆசீர்வாதத்திடம் போய்ச் சவுண்டைக் குறைக்கச் சொன்னால் மனுஷனுக்கு முகமே செத்துப்போகும். "அண்ணனுக்குக் காது மந்தம்" என்று எஸ்டேட்டில் கேலி பண்ணுவார்கள். காதா மந்தம்! கேட்கவே கூடாததெல்லாம் அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது, பாவம்.

ஏலப்பாறைக்கு மேலே தேயிலை ஃபேக்டரியில் எலெக்ட்ரீஷியன். மிச்ச நேரமெல்லாம் கோவில் ஆம்ப்ளிஃபயரோடுதான். பழைய பெட்டியில் சவுண்டை ஏற்றி இறக்க நாலு குமிழ்: ஒன்று கோவிலுக்குள்ளே, ரெண்டு கொடிமரத்தடி, மூன்று பள்ளிக்கூட மைதானம், நாலு பள்ளத்தில் வரிசை வீடுகளாய் இருந்த ஆறாம் லயம். அந்த லயம் இப்போது இல்லை.

ஆறு வருஷத்துக்கு முன் திருவிழாச் சமயம், லயத்திலிருந்து சிசிலி வந்தாள். கைப்பிள்ளைக்காரி. "அண்ணே, பிள்ளை கண்ணே மூட மாட்டேங்குது. எங்க லயத்துக் குழாய் ஸ்பீக்கரை மட்டும் கொஞ்சம் கொறைங்களேன்." கொஞ்சம் என்ன கொஞ்சம் என்று ஆசீர்வாதம் நாலாம் குமிழைப் பூஜ்யத்துக்கே திருப்பிவிட்டார். திருவிழா முடிந்ததும் ஏற்றிக்கொள்ளலாம் என்று நினைத்தவர், மறந்தே போனார்.

திருவிழா முடிந்த பத்தாம் நாள் மழை கொட்டியது. ஃபோன் டவர் போய்விட்டது, ஓடை பெருகிக் கோவிலிலிருந்து லயத்துக்கு இறங்கும் வழியை மறித்துவிட்டது. மலையில் விரிசல் என்று ஆபீஸ் ஆள் ஓடிவந்து சொல்ல, ஆசீர்வாதமே மைக்கைப் பிடித்து, "ஆறாம் லயத்து ஆளுக எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வாங்க" என்று தொண்டை கிழியக் கத்தினார். எஸ்டேட் முழுக்கக் கேட்டது. ஆறாம் லயத்துக்கு மட்டும் கேட்கவில்லை. ஒன்பது பேர் மண்ணுக்குள் போனார்கள். சிசிலி பிள்ளையோடு மாட்டுப்பட்டியில் அம்மா வீட்டுக்குப் போயிருந்தாள். அவள் புருஷன் சுஜின் அந்த ஒன்பது பேரில் ஒருத்தன்.

அடக்கமெல்லாம் முடிந்த பிறகுதான் குமிழ் அவர் கண்ணில் பட்டது. யாரும் பார்க்குமுன் ஏற்றிவைத்தார். மழையில் வயர் அறுந்திருக்கும் என்று ஊரே பேசிக்கொண்டது. அவர் வாயைத் திறக்கவில்லை. ஊமை கண்ட கனவை யாரிடம் சொல்வது?

அதற்குப் பிறகு பெட்டியைத் தொட்டாலே ஆரம்பித்துவிடும். பூசைப் பாட்டுக்கு நடுவில், நல்ல பகலில், சுஜின் குரல்: "அண்ணே, இங்க ஒண்ணும் கேக்கலியே." ஸ்பீக்கரை எல்லாம் கழற்றிப் பார்த்தார். வயரை மாற்றினார். குரல் நிற்கவில்லை.

போன வாரம் கோவில் சாமியார் அச்சன் புது ஆம்ப்ளிஃபயர் வாங்கிக் கொடுத்தார். ஆசீர்வாதம் கேட்டுக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: எந்தக் குமிழ் பூஜ்யத்தில் கிடந்தாலும் அறிவிப்பு மைக் மட்டும் நாலு இடத்திலும் கத்தவேண்டும். அந்த வசதி உள்ள முதல் இன்புட்டில் அதைச் சொருகினார். பீடத்து மைக் ரெண்டில், பாட்டுப் போடும் ஃபோன் மூன்றில். நாலாம் குமிழுக்கு இப்போது மேட்டிலுள்ள புது வீடுகள். லயத்தில் மிஞ்சினவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டுமானால் நாலாம் குமிழைப் பூஜ்யத்தில் வைத்தே பேசிப் பார்க்கவேண்டும். குமிழைப் பூஜ்யத்துக்குத் திருப்பினார். ஒன்று, ரெண்டு, மூன்று என்று சொல்லத்தான் மைக்கை எடுத்தார். வாயில் வந்தது வேறு.

"ஆறாம் லயத்து ஆளுக எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு ஓடி வாங்க."

சொன்ன பிறகுதான் அவருக்கே உறைத்தது. மைக்கை அணைத்தார். வெளியே வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரத்தில் பிள்ளையைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு, செருப்புகூட இல்லாமல் பள்ளிக்கூடத்துக்குப் போகும் வழியில் கோவில் வாசலில் சிசிலி ஓடிவந்து நின்றாள்.

"கேட்டுச்சா தாயி?"

"கேட்டுச்சுண்ணே. என்னண்ணே ஆச்சு?"

"அன்னைக்குக் கேட்டிருக்காது. வயரு அறுகல தாயி. குமிழைப் பூஜ்யத்துல வச்சு மறந்து தொலைச்சது நாந்தான். ஒம் புருஷனைக் கொன்னவன் நாந்தான்."

சிசிலி வாசல்படியில் உட்கார்ந்து பிள்ளையை மடிக்கு இழுத்துக்கொண்டாள்.

"தெரியும்ணே," என்றாள். "கொறைக்கச் சொன்னவ நாந்தானே. அதை நீங்க யார்கிட்டயும் சொல்லிருவீங்களோன்னு பயந்துதான் ஆறு வருஷமா ஒங்க மூஞ்சியவே பாக்காம ஒதுங்கிப் போறேன்."

அதற்குள் புது வீட்டுச் சனம் மொத்தமும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தது. பாதிப் பேர் அன்றைக்கு யாரையாவது பறிகொடுத்தவர்கள். "எங்க மண்ணு விழுந்துச்சு?" என்று கத்தினார்கள்.

சிசிலி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"எங்கயும் விழல. உள்ள வந்து உக்காருங்க. நானும் அண்ணனும் ஒங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."