வெள்ளைச் சேட்டோடு ஒரு படம்

ஆரணி, கபிலன், நான் ஓட்டுகிற வானில் உங்களுக்கு இடம் இல்லை என்று நான் சொன்னபோது இரண்டு பேரும் மூஞ்சையை நீட்டிக்கொண்டு நின்றீர்கள். "அப்ப போட்டு வந்து எழுதித் தாங்கோ அப்பா" என்று ஆரணி கேட்டாள். நானும் ஓம் என்றேன். எட்டு மாதம் கழித்து இப்போதுதான் எழுதுகிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாசியுங்கள். நடந்ததைத் திருத்த வேண்டாம்.

ஆனி மாதம், ஒரு சனிக்கிழமை. காலை 4.50க்குச் சண்டிலிப்பாயிலிருந்து வானை எடுத்தேன். நல்லூருக்குப் பத்துக் கிலோமீற்றர் வரும். கோயிலுக்குக் கிட்ட உள்ள விடுதி வாசலில் ஏழு பேர் முதுகில் கறுப்புப் பைகளோடு நின்றார்கள். கொழும்பில் வேலை பார்ப்பவர்கள். லீவு நாட்களில் ஒன்றாகச் சேர்ந்து பழைய ஊர்களையும் கடற்கரைகளையும் தேடிப்போய்ப் படம் எடுப்பார்கள். அவர்களுக்குத் தலைவர் பிரகாஷ் சேர். கொழும்புத் தமிழ் பேசுவார். மற்ற ஆறு பேரும் இங்கிலீசில் கதைத்தார்கள். நான் சாரதி, வழிகாட்டி, ஊர்ச் சனத்தோடு கதைத்துக் கொடுக்கிற ஆள், மூன்றும்.

5.40, யாழ்ப்பாணக் கோட்டை. வெளிச்சம் வரும்போது முருகைக்கல் மதில் முதலில் சாம்பலாக இருந்து பிறகு தேன் நிறமாகும். இவ்வளவு வருடம் அந்த மதிலோரம் வான் ஓட்டியும் நான் அதைப் பார்த்ததில்லை. அவர்கள் காட்டித்தான் பார்த்தேன். பிரகாஷ் சேர் தன்னுடைய கமராவுக்குள் என்னைப் பார்க்க விட்டார். அந்த நேரம் எனக்கு அவர்களில் பெரிய மரியாதை வந்தது. அதையும் எழுதத்தானே வேண்டும்.

8.15, மந்திரி மனை. ஒரு பக்கம் இடிந்துபோய் நிற்கிற பழைய கட்டடம். அதற்கு முன்னால் ஒரு பெட்டைப்பிள்ளையின் புதுச் சைக்கிள் சாத்தியிருந்தது.

"அண்ணே, அந்தச் சைக்கிளைக் கொஞ்சம் அங்கால வைங்க. பழசுக்கு முன்னால புதுசு நின்னா படம் கெட்டுப்போகும்."

நான் உருட்டிக்கொண்டு போனேன். பக்கத்து ரியூசனிலிருந்து அந்தப் பிள்ளை ஓடி வந்தாள்.

"அங்கிள், என்ரை சைக்கிளை எங்கை கொண்டு போறியள்?"

"கொழும்புக்கு" என்றேன். எல்லாரும் சிரித்தோம். அன்று முழுக்க நான் செய்த வேலை அதுதான் என்று அப்போது தெரியவில்லை. எது படத்தைக் கெடுக்குமோ, அதை அப்புறப்படுத்துவது.

10.30, கீரிமலை. யாழ்ப்பாணத்திலிருந்து ஏறக்குறைய இருபது கிலோமீற்றர். கேணியில் பாய்ந்த ஒரு பெடியனைத் திரும்பத் திரும்பப் பாயச் சொன்னார்கள். ஒன்பதாவது தரம், "நீங்களும் ஒருக்காப் பாயுங்கோவன்" என்று சொல்லிவிட்டு அவன் துவாயை எடுத்துக்கொண்டு போய்விட்டான். அவன் கெட்டிக்காரன். தெல்லிப்பழையில் மரக்கறிச் சாப்பாடு, ஒரு ஆளுக்கு 450 ரூபாய். பிறகு அச்சுவேலி வழியாகத் தொண்டைமானாறு. பறவை வரும் காலம் அது இல்லை என்று நான் முதலே சொன்னேன். போய் ஒரு மணித்தியாலம் வெயிலில் நின்று, இல்லை என்று தாங்களே கண்டுபிடித்தார்கள்.

3.30க்குப் பொலிகண்டிக் கரை. அங்கேதான் சின்னராசா அண்ணையைக் கண்டோம்.

எழுபது தாண்டிய ஆள். கடலால் வந்து குளித்துவிட்டு, வெறும் மேலோடு, இடுப்பில் சாரத்தோடு வேலியில் சாய்ந்து நின்றார். கமராக்களைக் கண்டதும் தானாகவே கிட்ட வந்தார்.

"தம்பி, உவை படக்காரரே?"

"ஓம் அண்ணை. கொழும்பு."

"அப்ப எனக்கு ஒரு படம் எடுத்துத் தரச் சொல்லும். கல்வெட்டுக்கு."

கல்வெட்டு என்றால் உங்களுக்குத் தெரியும். ஒரு ஆள் செத்து முப்பத்தோராம் நாள், அவருடைய படத்தை முன்பக்கத்தில் போட்டு, தேவாரமும் குடும்ப வரலாறும் அடித்து, வந்தவர்களுக்குக் கொடுக்கிற புத்தகம். நம்முடைய வீட்டு அலுமாரியிலும் ஒரு கட்டு இருக்கிறது. நான் திகைத்துப்போய், "என்ன அண்ணை, இப்பவே அவசரமோ?" என்று கேட்டேன்.

"எனக்கு அவசரமில்லை. மேலை இருக்கிறவருக்கு எப்ப அவசரம் வருமோ ஆருக்குத் தெரியும். போன வருசம் என்ரை தமையன் போனவர். கல்வெட்டிலை அடையாள அட்டைப் படத்தைப் போட்டாங்கள். களவெடுத்துப் பிடிபட்டவன் மாதிரி நிக்கிறார் மனுசன். நான் உப்பிடி நிக்க மாட்டன்."

"வேறை படம் இல்லையே?"

"இருந்த அல்பம் சுனாமியோடை போட்டுது. கனடாவிலை இருக்கிற மகள் வீடியோவிலை கதைப்பாள். அதிலை என்ரை நெத்தியும் வீட்டு முகடும்தான் தெரியும். போன் படம் சரிவராது தம்பி. முகம் பிலாப்பழம் மாதிரி வரும். உந்தப் பெரிய கமராதான் வேணும்."

பிரகாஷ் சேர் இவரையே பார்த்துக்கொண்டு நின்றார். "அண்ணே, என்ன முகம்! கட்டாயம் எடுப்போம்னு சொல்லுங்க" என்றார். நான் சொன்னேன். சின்னராசா அண்ணை ஓட்டமும் நடையுமாக வீட்டுக்குள் போனார். பச்சைப் பெயின்ற் அடித்த நல்ல கல்வீடு அது. முற்றத்தில் மாமரம்.

கால் மணித்தியாலத்தில் வந்தார். வெள்ளை வேட்டி, மடிப்புக் குலையாத வெள்ளைச் சேட், நெற்றியில் திருநீறு, கண்ணாடி. சேட்டில் நப்தலின் மணத்தது. பின்னால் அவருடைய மனைவி சரசக்கா சீப்போடு வந்தா.

"கலியாணத்துக்கும் மனுசன் உப்பிடி வெளிக்கிடேல்லை. சாகிறதுக்கு வெளிக்கிடுறார்" என்றா.

"கலியாணத்திலை என்னை ஆர் பாத்தது? எல்லாரும் உன்ரை சங்கிலியை எல்லே பாத்தவை."

பிரகாஷ் சேரின் முகம் விழுந்துவிட்டது. "ஐயோ, இது என்ன அண்ணே? பழையபடி வரச் சொல்லுங்க. சேட்டைக் கழட்டச் சொல்லுங்க. இந்த வெள்ளை கண்ணை அடிக்குது."

பிள்ளைகள், இந்த இடத்தில் நான் சும்மா நின்றிருக்கலாம். "சேர், அவர் கேட்ட படத்தை முதலில் எடுங்கோ" என்று ஒரு வசனம் சொல்லியிருக்கலாம். நான் சொன்னது வேறு. அவரிடம் திரும்பி, "அண்ணை, முதல் அவையின்ரை விருப்பத்துக்கு ஒருக்கா இருங்கோ. பிறகு உங்கடை படம் வடிவா எடுப்பினம். நான் பொறுப்பு" என்றேன்.

நான் பொறுப்பு. அந்த இரண்டு சொல்லையும் எனக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை.

அவர் சேட்டைக் கழற்றினார். கசங்கக்கூடாது என்று என்னுடைய கையில் தந்தார். நான் அதை முன்கையில் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றேன். கண்ணாடியை என்னுடைய பையில் வைத்தேன். திருநீற்றையும் அழித்துவிடும்படி பிரகாஷ் சேர் சொன்னதைக் கேட்டு, சரசக்கா "உதென்ன கூத்து?" என்று முணுமுணுத்துக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டா.

கரையில் ஒரு உடைந்த வள்ளம் கிடந்தது. அதற்குப் பின்னால் கூரை இல்லாத ஒரு வீடு. அதற்கு முன்னால் அவரை இருத்தினார்கள்.

"தம்பி, உது என்ரை வள்ளமில்லை. வேறை ஆரின்ரையோ. வீடும் என்ரையில்லை, அவை பிரான்சிலை. என்ரை வீடு அங்காலை, பச்சை வீடு. சேரிட்டைச் சொல்லும்."

சொன்னேன். "பரவாயில்லை அண்ணே" என்றார் பிரகாஷ் சேர்.

ஏழு கமராவும் அவரைச் சுற்றி நின்றன. இவருக்கோ சிரிப்பு அடங்கவில்லை. ஒவ்வொரு கிளிக்குக்கும் பல்லைக் காட்டினார். "சிரிக்க வேணாம்னு சொல்லுங்க." சொன்னேன். "தூரத்தில, மேற்குப் பக்கம் பாக்கச் சொல்லுங்க. கண்ணை மூட வேணாம்." அதையும் சொன்னேன். மேற்கில் நாலரை மணி வெயில். கண்ணாடி இல்லாத கண், போன வருடம்தான் சத்திரசிகிச்சை செய்த கண். கொஞ்ச நேரத்தில் தண்ணீர் வந்து கன்னத்தால் வடிந்தது. துடைக்கக் கை எடுத்தார்.

"துடைக்க வேணாம்! துடைக்க வேணாம்னு சொல்லுங்க அண்ணே!"

சொன்னேன்.

4.55க்குப் பிரகாஷ் சேர் மணிக்கூட்டைப் பார்த்துத் துள்ளினார். மணற்காட்டு மணல் மேட்டில் பொழுது படுவதை எடுப்பதற்காகத்தான் அந்தப் பயணமே. இன்னும் ஒரு இருபது கிலோமீற்றராவது ஓட வேண்டும். எல்லாரும் பைகளைக் கட்டினார்கள். சின்னராசா அண்ணை என்னிடமிருந்து சேட்டை வாங்கிப் போட்டு, பொத்தான் பூட்டி, கண்ணாடியையும் போட்டுக்கொண்டு, தன்னுடைய பச்சை வீட்டு வாசலில் போய் நேராக நின்றார். கையை இரண்டு பக்கமும் தொங்கவிட்டு, சிரிப்பைத் தயாராக வைத்துக்கொண்டு.

"சேர், அவரின்ரை படம்" என்றேன்.

"வெளிச்சம் போயிரும் அண்ணே. வரும்போது எடுப்போம்."

வரும்போது இருட்டிவிடும், நெல்லியடிப் பாதையால்தான் திரும்புவோம் என்று எனக்குத் தெரியும். வானை ஓட்டப்போகிறவனே நான்தானே. "அண்ணை, வரேக்கை எடுக்கிறம்" என்று கூப்பிட்டுச் சொல்லிவிட்டு, என்னுடைய நம்பரை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். என்னுடைய சேட்டுப் பையில் போன் இருந்தது. அதை எடுத்து ஒரு தரம் அமத்த ஐந்து நிமிடம்கூட வேண்டாம். போனில் எடுத்தால் அது படமா என்று நானும் நினைத்தேன். ஏழு பெரிய கமராக்களுக்கு முன்னால் அந்தப் போனை வெளியே எடுக்க எனக்கு வெட்கமாகவும் இருந்தது.

வானின் பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். தூசிக்குள் அவர் கையை ஆட்டவில்லை. அசைந்தால் படம் பழுதாகும் என்பதுபோல அப்படியே நின்றார்.

பருத்தித்துறையில் வடைப் பைக்கற் இரண்டு வாங்கினேன், நீங்கள் சாப்பிட்டது அதுதான். 5.40க்கு மணற்காடு. வெள்ளை மணல் மேடுகள், சவுக்கங்காடு, மணல் பாதி விழுங்கின பழைய தேவாலயம். எல்லாம் அழகுதான். ஆனால் மேற்கில் முகில் வந்து அடைத்துக்கொண்டது. சூரியனைக் காணவேயில்லை. ஏழு பேரும் மணலில் குந்தியிருந்து, ஒரு மணித்தியாலம் கமராவைத் துடைத்தார்கள். ஒரு ஆளின் படத்துக்கு இல்லாமல் போன நேரம் முழுவதும் அங்கே சும்மா கிடந்தது.

அடுத்த கிழமை போவோம் என்று இருந்தேன். பிறகு புகையிலை வேலை, பிறகு மழை, பிறகு வானின் கிளச் பழுது. சண்டிலிப்பாயிலிருந்து பொலிகண்டி முப்பது கிலோமீற்றருக்குக் கொஞ்சம் கூட. அவ்வளவுதான் தூரம்.

ஐப்பசியில் பிரகாஷ் சேர் ஒரு படம் அனுப்பினார். கொழும்புக் கண்காட்சி ஒன்றில் பரிசு எடுத்ததாம். உடைந்த வள்ளம், கூரை இல்லாத வீடு, நடுவில் மேலாடை இல்லாத ஒரு கிழவர், கன்னத்தில் கண்ணீர். 'எல்லாம் இழந்தவர்' என்று பெயர் போட்டிருந்தது. நீங்கள் இருவரும் அதைப் பார்த்து நல்ல படம் என்று சொன்னீர்கள். நானும் பெருமையாகத்தான் இருந்தேன். அந்தப் பெருமையில், சின்னராசா அண்ணைக்கும் ஒரு படம் கிடைத்ததாக இருக்கட்டும் என்று, பொலிகண்டிப் பக்கம் ஓடுகிற ஒரு சாரதி மூலம் சரசக்காவிடம் நம்பர் கேட்டு எடுத்து, கனடாவிலுள்ள மகளுக்கு அதை அனுப்பிவிட்டேன். கடன் தீர்ந்த மாதிரி நிம்மதியாகப் படுத்தேன்.

தை மாதம் அவர் செத்துப்போனார். நித்திரையிலேயே. முப்பத்தோராம் நாளுக்கு வரச்சொல்லி, அந்தத் துண்டில் இருந்த நம்பருக்குச் சரசக்கா கோல் எடுத்தா. போனேன். கையில் கல்வெட்டைத் தந்தார்கள். முன்பக்கத்தில் அதே படம். வேறு படம் அவர்களிடம் இல்லை.

"அவர் ஒருநாளும் அழேல்லைத் தம்பி" என்றா சரசக்கா. "பாக்கிற சனமெல்லாம் நான் மனுசனைப் பட்டினி போட்டனான் எண்டு நினைக்கும். அண்டைக்கு நீர் நிண்டனீர்தானே. உவரை ஆர் அழவைச்சது?"

"தெரியாது அக்கா" என்றேன்.

"அந்த வெள்ளைச் சேட்டைத்தான் போட்டுப் பிரேதம் எடுத்தனாங்கள். அதோடைதான் எரிச்சது. ஒருத்தரும் வடிவாப் பாக்கேல்லை."

திரும்பி வந்து கல்வெட்டை மேசையில் வைத்தேன். கோட்டை, மந்திரி மனை, கீரிமலை, மணற்காடு, எல்லாம் ஒரே நாளில் பார்த்துவிட்டு வந்த எனக்கு, நம்முடைய வீட்டு மேசையில் கிடந்த அந்த ஒரு படத்தைப் பார்க்க முடியவில்லை. அதைத் தூக்கிப் பார்த்துக் கபிலன் கேட்டான், "அப்பா, உந்த அப்பு ஏன் அழுறார்?" நான் எழும்பிப்போய்க் கிணற்றடியில் நின்றேன்.

அவர் அழவில்லை, கபிலன். வெயில். இன்னும் ஒன்று. கல்வெட்டை எடுத்து அந்தப் படத்தின் வலது ஓரத்தைப் பாருங்கள், வள்ளத்துக்கு மேலே. விரலளவு வெள்ளையாக ஒன்று தொங்கும். பாய்ச்சீலை என்று நினைப்பீர்கள். அது அவருடைய சேட். அதைப் பிடித்துக்கொண்டு நிற்கிற கை என்னுடையது.