ஓர் அச்சகம், இரண்டு திரைகள், ஒரு கட்டிங் மாஸ்டர்

பிறப்பு: 1981 ஆகஸ்ட் 9. படிப்பு: வணிகவியலில் இளங்கலை. திருமணம்: 2006. அப்பாவின் லேபிள் அச்சகத்தைத் தம்பியோடு கூட்டாக ஏற்றது: 2011 ஜனவரி. தம்பியோடு பேச்சை நிறுத்தியது: 2022 ஜூன் 3, வெள்ளிக்கிழமை.

தெருவில் எல்லோருக்கும் அவர் 'லேபிள் அக்கா'. பேச்சு நின்றதற்குக் காரணம் சொத்தோ சம்பந்தமோ அல்ல, அச்சகத்தின் பெயர்ப்பலகை. பச்சையில் எழுத வேண்டும் என்றார் அக்கா. நீலம்தான் என்றார் தம்பி. வார்த்தை தடித்தது. பலகை இன்றும் எழுத்தே இல்லாமல் சுவரில் சாய்ந்திருக்கிறது.

பேச்சு நின்றதே தவிர தொழில் நிற்கவில்லை. காலையில் அக்கா முன்னறை மேசையில் லேபிள்களை வடிவமைப்பார். அவர் சாயங்காலம் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு தம்பி வந்து உள்ளறையில் அச்சு இயந்திரத்தை ஓட்டுவார். இருவருக்கும் நடுவே செய்தி சுமப்பது, அச்சான லேபிள்களை வெட்டும் கட்டிங் மாஸ்டரின் பொறுப்பு. "மஞ்சள் மை தீரப்போகுதுன்னு அவன்கிட்ட சொல்லிடுங்க மாஸ்டர்" என்பார் அக்கா. சாயங்காலம் வாசலில் எதிர்ப்பட்டு, கைக்கெட்டும் தூரத்தில் நிற்கும் தம்பியிடம் மாஸ்டர் அதை வரி பிசகாமல் ஒப்பிப்பார்.

அச்சகத்தில் கணினி ஒன்று, திரைகள் இரண்டு. ஒரு திரை அக்காவின் மேசையில். மற்றது சுவரில் போட்ட துளை வழியாக நீளமான கேபிளில் உள்ளறைக்குப் போய், இயந்திரத்தின் அருகே நின்றது. கணினியை இயக்கும் மென்பொருளாக லினக்ஸைப் போட்டவர் அக்கா. கேட்காமல் எதையும் செய்யாது என்பதே அவர் அதில் கண்ட குணம். திரைகளுக்குப் படம் அனுப்பும் புதிய கிராபிக்ஸ் அட்டை வந்த நாள்முதல் அந்த நம்பிக்கை ஆட்டம் கண்டது.

அட்டைக்கும் லினக்ஸுக்கும் நடுவில் நின்று ஒன்றின் பேச்சை மற்றதற்குப் புரியவைக்கும் மென்பொருளுக்கு டிரைவர் என்று பெயர். அச்சகத்தில் மாஸ்டர் பார்த்த அதே உத்தியோகம். லினக்ஸோடு வந்த டிரைவரில் அக்காவின் திரை கோடு கோடாகத் துடித்தது. அட்டைக் கம்பெனியின் டிரைவரைத் தேடிப் பிடித்துப் போட்டார். திரை கண்ணாடிபோலத் தெளிந்தது. மறுநாள் காலை பார்த்தால் பழையபடி கோடுகள். மீண்டும் போட்டார். மீண்டும் கோடுகள். தானாக நடக்கும் அப்டேட்தான் வேலையைக் கெடுக்கிறது என்று முடிவுகட்டி அப்டேட்டையே நிறுத்திவைத்தார். அதன் பிறகும் கோடுகள் வந்தபோது கணினிக்குப் பேய் பிடித்திருப்பதாகச் சந்தேகித்தார். வணிகவியல் படித்தவர் என்பதால் அதை வெளியே சொல்லவில்லை.

"நான் டிரைவரைத் தொட்டது அவனுக்குத் தெரிய வேண்டாம் மாஸ்டர். நான்தான் கெடுத்தேன்னு ஊரைக் கூட்டுவான். சத்தியம் பண்ணுங்க." மாஸ்டர் சத்தியம் செய்தார்.

இந்தச் சமயத்தில்தான் தேன் கம்பெனி அம்மா போன் செய்தார். அச்சகத்தின் வருமானத்தில் பாதி அவர் தேன் பாட்டில்களில் ஒட்டியிருந்தது. "போன தடவை அடிச்ச மஞ்சள் இருமல் மருந்து மாதிரி இருந்துச்சும்மா. வியாழக்கிழமை பதினொரு மணிக்கு நானே வர்றேன். எழுத்தை உன் ஸ்கிரீன்ல பார்ப்பேன், நிறத்தை மெஷின் பக்கத்து ஸ்கிரீன்ல பாட்டிலை வெச்சுப் பார்ப்பேன். ரெண்டும் சரியா இருந்தா கையெழுத்து. இல்லன்னா வேற இடம் பார்த்துக்கறேன்."

வியாழன் காலை அக்கா சீக்கிரமே வந்தார். கோடுகள் இருந்தன, டிரைவரைப் போட்டார், தெளிந்தது. மூச்சு விட்டு நிமிர்வதற்குள், வழக்கத்துக்கு மாறாகத் தம்பியும் காலையிலேயே வந்து உள்ளே போனார். அடுத்த நொடி அங்கிருந்து குரல் வந்தது.

"மாஸ்டர்! என் ஸ்கிரீன் மறுபடி செத்துப்போச்சு. இந்தக் கம்ப்யூட்டர் தானாவே டிரைவரை மாத்திக்குது."

"தானா மாறுறது என் ஸ்கிரீன்தான்னு சொல்லுங்க மாஸ்டர்."

மாஸ்டர் கையிலிருந்த காகிதக் கட்டைக் கீழே வைத்தார். "தானா ஒண்ணும் மாறல. காலைல நீ புதுசைப் போடுறம்மா. உன் திரை தெளியுது, அவன் திரை இருண்டுபோகுது. சாயங்காலம் அவன் அதைப் பிடுங்கிட்டுப் பழசைப் போடுறான். அவன் திரை எரியுது, உன்னது கோடா நிக்குது. ரெண்டு பேரும் தனித்தனியா சத்தியம் வாங்கி என் வாயைத் தைச்சு வெச்சிருக்கீங்க. நான் டீ குடிக்கப் போறேன்."

போயே விட்டார். மணி பத்தரை.

அக்கா பழுதைப் பற்றி இணையத்தில் படித்துப் பார்த்தார். கம்பெனி டிரைவர் படத்தை மிக வேகமாக அனுப்புகிறது. உள்ளறைக்கான நீளக் கேபிள் அந்த வேகத்தைத் தாங்காது. வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துப் பார்க்க வேண்டியதுதான். ஒரு கட்டளையைத் தட்டினார். உள்ளறைத் திரையில் என்ன நடந்தது என்று யாரைக் கேட்பது? மாஸ்டரின் ஸ்டூல் காலியாக இருந்தது. சுவரை ஒருமுறை முறைத்தார். தொண்டையைச் செருமினார்.

"வந்துச்சா?"

உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

"வரல."

அடுத்த கட்டளை. "இப்போ?"

"மின்னுது. போயிடுச்சு."

"இப்போ?"

"வந்துச்சு... ஆனா தலைகீழா வருது."

"அப்போ நீ தலைகீழா நின்னு பாரு!"

"நிப்பேன்க்கா, தேன் அம்மாவையும் நிக்கச் சொல்லுவியா? எதையோ மாத்தி அடிச்சிருக்க. எப்பவும் அவசரம்."

"யாரு, நானா? தினம் சாயங்காலம் வந்து டிரைவரைப் பிடுங்கினவன் பேசுற பேச்சா இது?"

"தினம் காலைல போட்டது யாரு?"

திட்டிக்கொண்டே தட்டினார்; திட்டு வாங்கிக்கொண்டே தம்பி பார்த்தார். கடைசியில் உள்ளிருந்து ஒரு கூச்சல்: "நில்லு! கையை எடு! எதையும் தொடாதே! வந்துடுச்சு!"

அக்கா நிமிர்ந்தபோது வாசலில் தேன் கம்பெனி அம்மா பாட்டிலோடு நின்றிருந்தார். "சண்டை முடிஞ்சதும் சொல்லுங்க, வர்றேன்" என்றார்.

எழுத்தை முன்னறையில் பார்த்தார். உள்ளறையில் பாட்டிலைத் திரைக்கருகே பிடித்து ஒரு கண்ணை மூடினார், பிறகு மறு கண்ணை மூடினார்.

"இது தேன்" என்றார்.

அன்று ஒப்புதல் கையெழுத்தான லேபிள்கள்: நாற்பதாயிரம்.