எரர் டாக்டரின் வயிற்றெரிச்சல்

ஆபீசில் அவருக்கு எரர் டாக்டர் என்று பெயர். யார் கம்ப்யூட்டரில் தப்பு என்று சிவப்பு வரி வந்தாலும், "டாக்டர், கொஞ்சம் வாங்களேன்" என்பார்கள். உடனே எழுந்துவிட மாட்டார். மேஜையில் எதையோ நகர்த்திவிட்டு, நாற்காலியை உருட்டிக்கொண்டு போய், நெட்டில் தேடிப் பதில் எடுத்துக் கொடுப்பார். வீட்டில் காபியைக்கூட இரண்டு தடவை கேட்டு வாங்குகிற மனுஷன். அந்தக் கூப்பிடலில்தான் அவர் உயிரே இருந்தது.

அதில் மண்ணைப் போட்டது தங்கை புருஷன். அதே ஆபீஸ், நாலு மேஜை தள்ளி. எல்லார் புரோகிராமிலும் சேர்த்துக்கொள்கிற மாதிரி, சின்னதாக ஒரு ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி எழுதிவிட்டான். எரர் வந்தால் அதன் கீழேயே ஒரு லிங்க் வரும். அமுக்கினால் அதுவே நெட்டில் தேடும். மேனேஜர் எல்லார் முன்னாலும் கைகுலுக்கினார். "அவரு எழுதினத பாத்தியாண்ணா?" என்று தங்கை வேறு போன் போட்டாள். டாக்டருக்கு வயிறு பற்றி எரிந்தது. எல்லாரும் லிங்க்கையே அமுக்கிக்கொண்டிருந்தார்கள், ஒருவரும் அவரைக் கூப்பிடவில்லை.

கடைசியில் ஒருநாள் காலையில் மாப்பிள்ளையே வந்தான்.

"மச்சான், லிங்க் வருது, பதில்தான் வரமாட்டேங்குது. ஏன்னு தெரியுதா?"

பார்த்ததுமே தெரிந்துவிட்டது. எரர் வரியில் அவரவர் ஃபோல்டர் பெயரும் ஒட்டிக்கொண்டு வரும். அதையும் சேர்த்துத் தேடினால் பதில் எப்படி வரும்? உலகத்தில் வேறு எவனிடம் அந்த ஃபோல்டர் இருக்கிறது? வெட்டிவிட்டுத் தேட வேண்டும், அவ்வளவுதான்.

"தெரியல மாப்ள," என்றார். முழுப் பூசணிக்காய் சோற்றுக்குள் போயிற்று.

"உங்களுக்கே தெரியலன்னா விடுங்க. லைப்ரரிய எடுத்துடறேன்."

எடுத்தும்விட்டான். டாக்டருக்கு நெஞ்சு குளிர்ந்தது. மத்தியானமே டிசைன் பார்க்கும் பெண், "டாக்டர், கொஞ்சம் வாங்களேன்" என்றாள். இந்தத் தடவை எதையும் நகர்த்தவில்லை, ஓடினார். சிவப்பு வரியை எடுத்தார், பழக்கத்தில் ஃபோல்டர் பெயரை வெட்டினார், தேடினார். முதல் பதிலே சரி. நுணலும் தன் வாயால் கெடும். டாக்டர் கையால் கெட்டார். நிமிர்ந்து திரும்பினால், பின்னால் மாப்பிள்ளை.

"அவ்வளவுதானா மச்சான்?" என்றான். பிறகு மெதுவாக, "காலையில தெரியலன்னீங்களே."

டாக்டர் தன் மேஜைக்குத் திரும்பி எதையோ நகர்த்தினார்.

சாயங்காலத்துக்குள் லைப்ரரி திரும்பி வந்தது, ஃபோல்டர் பெயரைத் தானே வெட்டிக்கொண்டு. மறுநாள் டாக்டர் திரையிலேயே ஒரு சிவப்பு வரி, கீழே லிங்க். நாலு மேஜை தள்ளி அவன் பார்க்கிறானா என்று எட்டிப் பார்த்துவிட்டு அமுக்கினார்.

சரியான பதில்தான் வந்தது. தப்பாக வந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று இருந்தது அவருக்கு.