முனிராஜ் அண்ணன் குடிக்கவில்லை

அன்றைக்குக் காலை ஐந்தரை மணிக்கு மத்திகிரி ஸ்டாப்பில் நான் மட்டும்தான் நின்றிருந்தேன். பனி என்றால் அப்படி ஒரு பனி, மாட்டுப் பண்ணைச் சுவர்கூடத் தெரியவில்லை. கம்பெனி வேன் எப்போதும் முதலில் என்னை ஏற்றிக்கொண்டுதான் மற்ற பதினோரு பேரை ஏற்றப் போகும். முனிராஜ் அண்ணன் நேரம் தவறுகிற டிரைவர் இல்லை. போன் அடித்தேன், எடுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வேனில் கூட வருகிற மஞ்சுளா போனில் கூப்பிட்டாள். "பாண்டிம்மா, நீ வேன்ல ஏறிட்டியா? சொல்லு, ஏறிட்டியா?" என்று கத்தினாள். இல்லை என்றதும் ஓவென்று அழுதாள். ரோட்டோரம் நின்றிருந்த லாரிக்குப் பின்னால் வேன் போய் மோதிவிட்டது, அண்ணன் அங்கேயே போய்விட்டார் என்றாள். அவர் வீட்டிலிருந்து என் ஸ்டாப்புக்கு நாலு கிலோமீட்டர். அந்த நாலு கிலோமீட்டரில்தான் அது நடந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வைக்க, அப்பாவைப் பற்றி எல்லோரும் ஒரு பக்கம் எழுதிக் கொடுங்கள் என்று அவர் மகள் கேட்டிருக்கிறாள். நான் ஐந்தாவதுதான் படித்தேன். எழுத்து கோணலாகத்தான் வரும். ஆனால் இதை நான் எழுதாவிட்டால் எழுத வேறு ஆள் கிடையாது.

அண்ணன் எப்படிப்பட்டவர் என்று வேனில் போன உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒருமுறை தேன்கனிக்கோட்டை ரோட்டில் யானை ஒன்று நடுவில் வந்து நின்றது. நாமெல்லாம் சீட்டுக்கு அடியில் ஒளிந்தோம். அவர் லைட்டை அணைத்துவிட்டு, ஜன்னல் வழியாக மெதுவாகக் கன்னடத்தில் ஏதோ சொன்னார். யானை போய்விட்டது. "அது கர்நாடகாவுலேர்ந்து வர்ற யானைம்மா. தமிழ்ல சொன்னா அதுக்கு எங்க புரியப் போவுது" என்றார். அன்றைக்கு ஆரம்பித்ததுதான் வேனில் அந்த விளையாட்டு. ஏதாவது ஒரு மிருகத்தையோ பறவையையோ யார் முதலில் பார்த்துச் சொல்கிறாரோ அவருக்கு மறுநாள் முன் சீட்டு. மயில், குரங்கு, கீரி, எதுவானாலும் சரி. பாதி நாள் அண்ணனே முதலில் பார்த்துவிடுவார். "டிரைவருக்கு எதுக்குண்ணே முன் சீட்டு, ஏற்கெனவே அதுலதான உக்காந்திருக்க" என்று மஞ்சுளா சண்டை போடுவாள்.

போன பொங்கல் லீவில் கடற்கரை ரோட்டில் ஒருநாள் போய் வரலாம் என்று சொன்னது அண்ணன்தான். நம்மில் பாதிப் பேர் கடலைப் பார்த்ததே இல்லை. அவரும் பார்த்ததில்லை. திண்டிவனம் வழியாக மரக்காணம் போய், அங்கிருந்து கடலோரமாகவே போகலாம், வழியில் உப்பளத்தில் பெரிய பெரிய பறவைகள் வந்திருக்கிறதாம் என்றார். இருட்டோடு கிளம்பினால் சீக்கிரம் போகலாமே என்று நாம் கேட்டோம். தினமும் போகிற ரோடு இல்லை, விடிந்த பிறகுதான் வண்டி எடுப்பேன் என்று பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். அப்போது யாருக்கும் எதுவும் தோன்றவில்லை. கிருஷ்ணகிரி தாண்டும்போது ஒரு மயிலைப் பார்த்துச் சொன்னேன்; ஒருநாள் பயணம்தானே என்று முன் சீட்டை அப்போதே எனக்குக் கொடுத்தார்கள். அந்த மயிலை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

மரக்காணம் உப்பளத்தில் வேனை நிறுத்தினோம். தண்ணீரில் வரிசையாக நூறு இருநூறு பறவை, நீளக் கால், உடம்பெல்லாம் ரோஜா நிறம். பூநாரை என்று அங்கே உப்பு வாரிக்கொண்டிருந்த அம்மா சொன்னாள். நாமெல்லாம் வலது பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தோம். அண்ணன் நேராகப் பார்த்து, "அடேயப்பா, வெள்ளை வெளேர்னு எவ்ளோ கூட்டம் பாரு!" என்றார். அவர் பார்த்தது குவித்து வைத்த உப்பு. எல்லோரும் கேலி பண்ணுகிறார் என்று சிரித்தோம். "உப்பு பறந்து போயிடப் போவுதுண்ணே, ஓடிப் போய் புடி" என்றாள் மஞ்சுளா. அவரும் சிரித்தார். நான் பக்கத்தில் நின்றதால் முகத்தைப் பார்த்தேன். அது கேலி பண்ணுகிற முகம் இல்லை.

அங்கிருந்து கிளம்பிக் கொஞ்ச தூரம்தான் போயிருப்போம். இடது பக்கப் புதரிலிருந்து ஒரு நரி ரோட்டுக்கு ஏறியது. அவர் பிரேக்கில் கால் வைக்கவே இல்லை. "அண்ணே! நரி!" என்று நான் கத்தியதும் மிதித்தார். நரி தப்பித்தது. பின்னால் எல்லோரும் கை தட்டினார்கள், பகலிலேயே நரியைப் பார்த்துவிட்டோம் என்று. நான் கை தட்டவில்லை. அது நரி. ஒரு பிள்ளையாக இருந்திருந்தால்?

"ரோடு ஓட்டுறவனுது இல்ல, குறுக்க போறவனுது" என்று நமக்கு எத்தனை தடவை சொன்ன மனுஷன் அவர்.

கடற்கரையில் ஒரு ஆமை செத்து ஒதுங்கிக் கிடந்தது. பெரிய ஆமை. நீங்களெல்லாம் மூக்கைப் பொத்திக்கொண்டு தண்ணீரைப் பார்த்து ஓடிவிட்டீர்கள். அண்ணன் அதன் பக்கத்தில் உட்கார்ந்து ஓட்டைக் கையால் தடவித் தடவிப் பார்த்தார். "இது தூங்குதா, செத்துப்போச்சா பாண்டிம்மா?" என்று கேட்டார். ஈ மொய்த்துக்கொண்டிருந்தது. நான் அவர் எதிரில் உட்கார்ந்து, "உங்களுக்குக் கண்ணு தெரியலையாண்ணே?" என்று கேட்டுவிட்டேன்.

ஓட்டிலிருந்து கையை எடுத்து மணலைத் தட்டிவிட்டார். அப்புறம் சொன்னார். "ஓரமெல்லாம் கறுத்துப்போச்சும்மா. நடுவுல ஒரு தட்டு அளவுக்குத் தெரியுது, அதுவும் மங்கல். போனது திரும்பாதுன்னுட்டாரு டாக்டரு. முழுசா போறதுக்குள்ள கடலை ஒரு தடவை பாத்துக்கலாம்னுதான் வந்தேன்." பார்த்தீர்களா என்று கேட்டேன். "சத்தம் நல்லா கேக்குது" என்றார்.

மகள் நர்சிங் கடைசி வருஷம், அது முடிகிற வரைக்கும்தான், அதற்கப்புறம் சாவியைக் கொடுத்துவிடுகிறேன், வீட்டில்கூடச் சொல்லவில்லை, நீயும் சொல்லாதே என்றார். நான் சரி என்றேன். எவ்வளவு சுலபமாக அந்தச் சரியைச் சொன்னேன்! பாவம் பார்த்துச் சொன்னேன் என்று எழுதினால் பாதிதான் உண்மை. என் வீட்டுக்காரர் போனதற்கப்புறம் தினமும் காலையில் தூங்குகிற பிள்ளையைத் தூக்கிப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டுத்தான் வருவேன். அதற்காக ஹாரன் அடிக்காமல் காத்திருந்தவர் அவர். வேறு டிரைவர் வந்தால் எனக்கு வேலை போய்விடும் என்றும் அந்த மணலில் உட்கார்ந்து நினைத்தேன்.

திரும்பி வரும்போது செங்கம் தாண்டி இருட்டிவிட்டது. அங்கிருந்து ஓசூர் வரைக்கும் நான் விளையாட்டு மாதிரி சொல்லிக்கொண்டே வந்தேன். அண்ணே, இடது பக்கம் நாய். அண்ணே, முன்னால் மாட்டு வண்டி. அண்ணே, வளைவு. நீங்கள் சிரித்தீர்கள். நாய், மாடெல்லாம் கணக்கில் சேராது என்று மஞ்சுளா சொன்னாள்.

அதற்கப்புறம் பத்து மாதத்துக்கும் மேல் முன் சீட்டை நான் யாருக்கும் விடவில்லை. உங்களுக்குக் கோபம். "சீட்டுக்குப் பட்டா வாங்கிட்டாளா?" என்றீர்கள். புருஷன் இல்லாதவளுக்கு டிரைவர் பக்கத்தில் என்ன வேலை என்று சிலர் பேசியதும் என் காதில் விழுந்தது. வாயைத் திறந்து பதில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. தினமும் பன்னிரண்டு உசிரை என் வாயை நம்பி ஓட்ட விட்டேன். நீங்களும் பிள்ளை பெற்றவர்கள். உங்களிடம் கேட்காமல் அதைச் செய்தேன். நீங்கள் என்னைத் திட்டினால் திட்டுங்கள், அடித்தாலும் வாங்கிக்கொள்கிறேன்.

என்னை ஏற்றிய பிறகு நான் சொல்லிக்கொண்டு வருவேன். என்னை ஏற்றுவதற்கு முன்னால் அவருக்கு யார் சொல்வார்கள்? இது எனக்கு ஒருநாள்கூடத் தோன்றவில்லை. பழகிய ரோடு, பார்த்துக்கொள்வார் என்று இருந்துவிட்டேன். அந்தப் பனியில் அந்த லாரி நின்றது அவருக்குத் தெரிந்திருக்காது.

இப்போது கம்பெனி கேட்டில், டீக்கடையில், எல்லா இடத்திலும் ஒரே பேச்சு, காலங்காத்தாலேயே குடித்துவிட்டு ஓட்டினான் என்று. போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட் வரட்டும் என்றுகூட ஒருவரும் காத்திருக்கவில்லை. வேன் ஏற்பாடு செய்கிற காண்ட்ராக்டர் அண்ணன் வீட்டு வாசலிலேயே நின்று அதைச் சொல்லிவிட்டுப் போனார். மகள் கதவைச் சாத்திக்கொண்டாள். பரீட்சைக்கு இன்னும் நாலு மாசம்தான் இருக்கிறது அவளுக்கு. முனிராஜ் அண்ணன் குடிக்கவில்லை. அவர் வாயில் ஒருநாள்கூட அந்த நாற்றம் வந்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்தவள் நான், எனக்குத் தெரியும். அவருக்குக் கண் தெரியவில்லை. அதை மறைத்தவர் அவர், மறைக்க உதவியவள் நான்.

இதை எழுதுவதற்கு முன்னால் நேற்று கௌரம்மா அண்ணியைப் போய்ப் பார்த்தேன். அண்ணன் சம்சாரத்துக்குத் தெரியாமல் இதை ஊருக்குப் படித்துக் காட்டக் கூடாது இல்லையா. எல்லாவற்றையும் சொன்னேன். உப்பைப் பறவை என்றது, ஆமையைத் தடவியது, எல்லாம். அண்ணி வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த கையை நிறுத்தவில்லை. முடிக்கிற வரைக்கும் என்னைப் பார்க்கவும் இல்லை.

"எழுது" என்றார். "குடிகாரன்னு பேரோட அவரு போக வேணாம். எம் பொண்ணு தலை நிமிந்து காலேஜுக்குப் போவணும். எழுது."

எழுந்து வாசல் வரைக்கும் வந்துவிட்டேன். பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"ஏம்மா பாண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா வேன் சாவியைக் கிணத்துல போட்டிருப்பேனே. கூலி வேலைக்குப் போயி அந்தாளுக்குச் சோறு போட்டிருப்பேனே."

வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அண்ணன் போட்டோ, அவர் தோள் துண்டு, அவர் பேசியது என்று உங்களிடம் ஆளுக்கு ஒன்று இருக்கும். அதைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். என்னிடம் இருப்பது அண்ணி கேட்ட அந்த ஒரு வார்த்தைதான். அண்ணன் எனக்குக் கொடுத்தது இல்லை அது. அவருக்காக நான் அண்ணியிடம் சொல்லியிருக்க வேண்டியது. சொல்லாமல் நானே வைத்துக்கொண்டேன்.