நாகஜோதியின் அடுத்த வருகை

மல்லாங்கிணறில் பஸ் கிளம்பியதும் நாகஜோதி மடியில் நோட்டை விரித்து, பக்கத்து இருக்கைக்குக் கேட்கும்படி பாடம் சொல்ல ஆரம்பித்துவிடுவார். மனசுக்குள் படித்தால் அவருக்கு ஏறாது. "பயனாளி வீட்டுக்குள் நுழையும் முன் அனுமதி கேட்க வேண்டும். பயனாளி பேசும்போது குறுக்கிடக் கூடாது." அருப்புக்கோட்டை வரும்வரை இது ஒரே சீராக ஓடும். ஒருமுறை பூண்டு மூட்டையோடு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் பொறுக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"ஏத்தா, யார ஏசிக்கிட்டு வார?"

"யாரையும் ஏசல மதினி. பரீச்சைக்குப் படிக்கிறேன்."

"இந்த வயசுலயா?"

"இந்த வயசுலதான் விட்டாக."

வயது நாற்பத்து நான்கு. பத்தாம் வகுப்போடு நின்று, பருத்தி எடுத்து, களை பறித்து, தீப்பெட்டி ஒட்டி, இப்போது சமூக சேவைப் பணியில் ஓராண்டு பட்டயம் படிக்கிறார். வகுப்பில் மற்றவர்கள் எல்லாரும் இருபதுகளில் இருப்பவர்கள். முதல் வரிசையில் அவருக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். கண் சரியாகத் தெரியாது என்பதற்காக இல்லை. பின்னால் உட்காரவைத்தால் பாடம் நடக்கும்போதே எல்லாருக்கும் கொய்யாப்பழம் நறுக்கிக் கொடுத்துவிடுகிறார்.

பாடத்தின் பெரிய சொற்களை அவர் தன் வசதிக்கு மாற்றி வைத்துக்கொள்வார். புத்தகம் 'ஒத்துணர்வு' என்று ஒன்றரைப் பக்கம் எழுதியிருப்பதற்கு எதிரே அவர் கையெழுத்தில் 'கூட உக்காருறது' என்று மட்டும் இருக்கும். கேஸ் என்ற சொல் மட்டும் அவருக்கு ஆகவே ஆகாது. "நம்ம என்ன போலீசா? அவுக என்ன களவாண்டாகளா?" என்பார். எந்த வீட்டுக்குப் போனாலும் முதலில் தண்ணீர் கேட்பார். தாகத்துக்காக இல்லை. "நமக்கு ஒண்ணு குடுக்க அவுக கிட்டயும் இருக்குன்னு தெரியணும்ல. அப்பறந்தான் நம்ம குடுக்கிறத வாங்குவாக."

பரீட்சைத் தாளில் மற்றவர்கள் பிள்ளையார் சுழி போடும் இடத்தில் நாகஜோதி பொடி எழுத்தில் 'சுகப்பிரியா' என்று எழுதுவார். களப்பயிற்சி மேற்பார்வையாளர் ராஜகுரு, முப்பது வயதுக்காரர், ஒருநாள் தாளைத் திருத்திக்கொண்டே கேட்டார்: "யாருக்கா இது? குலசாமியா?"

"சாமி இல்ல சார். சாமிக்கு எங்க வீட்டு அட்ரஸ் தெரியல. இந்தப் புள்ளைக்குத் தெரிஞ்சிச்சு."

ஆறு வருஷத்துக்கு முன் அவர் கணவர் அருஞ்சுனை ஓட்டிய லோடு ஆட்டோ குமாரலிங்கபுரம் பக்கத்தில் கவிழ்ந்தது. இடுப்பு உடைந்து எட்டு மாதம் படுக்கை. வந்து பார்த்த சொந்தங்கள் இரண்டாம் மாதத்தோடு நின்றுபோனார்கள். அப்போது ஒரு தொண்டு நிறுவனத்திலிருந்து சுகப்பிரியா என்ற பெண் வந்தாள். தரையில் உட்கார்ந்தாள். காலை எப்படித் தூக்கி மடக்க வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். ஊனமுற்றோர் அட்டைக்கு எந்த ஆபீசில் எந்த ஜன்னல் என்று எழுதிக் கொடுத்தாள். கிளம்பும்போது "வர்ற வியாழக்கெழம வாரேன்க்கா" என்றாள். சொன்னபடி வந்தாள். "அப்ப எனக்கு வாரத்துல ஒரே ஒரு கெழமதான் சார் இருந்துச்சு. மத்த ஆறும் அதுக்குப் போற வழி" என்று நாகஜோதி சொல்வார். சுகப்பிரியா கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய்விட்டாள். அவளுக்குத் திருப்பிச் செய்ய முடியாததை வேறு யாருக்காவது செய்துவிட வேண்டும் என்பதுதான் இந்தப் படிப்பு.

இப்போது அருஞ்சுனை கம்பு ஊன்றி நடக்கிறார். காலையில் சமையல் அவர்தான். நாகஜோதிக்கு எவர்சில்வர் டப்பாவில் புளிச்சோறோ தயிர்ச்சோறோ அடைத்துக் கொடுத்து அனுப்புவார். டப்பா எப்போது திரும்பி வரும் என்பது அவருக்கும் தெரியாது. பஸ்ஸில், வகுப்பில், கலெக்டர் ஆபீஸ் பெஞ்சில், போன வீட்டுத் திண்டில் என்று நாகஜோதி மறந்துவிட்டு வராத இடம் இல்லை. ஐந்தாவது டப்பாவின் அடியில் அருஞ்சுனை ஆணியால் பேரும் போன் நம்பரும் கீறிவைத்திருக்கிறார்.

"டப்பாவ மறந்த, சரி. ஒருநா என்னயும் எங்கிட்டாச்சும் வச்சுட்டு வந்துறாத."

"ஒங்களத் தூக்கிட்டுத் திரிய எனக்கென்ன பைத்தியமா. அப்பிடியே வச்சாலும், அடியில நம்பர் கீறிட்டுத்தான் வைப்பேன்."

இந்த மறதிக்குச் சில மாதங்களுக்கு முன் பெரிய விலை கொடுத்தார். மேற்பார்வையாளர் ஒருவர் கூடவே வந்து பார்க்க, ஒரு வீட்டுச் சந்திப்பை நடத்திக் காட்டுவதுதான் களத் தேர்வு. நாகஜோதி போன வீட்டில் தனியாகக் கிடந்த பெரியவர் முந்தின நாள் மதியத்திலிருந்து சாப்பிடவில்லை. நாகஜோதி பானையைக் கழுவினார், கஞ்சி வைத்தார், ஊட்டினார், படுக்கையை மாற்றினார். ஒரு மணி நேரம் முடிந்தபோது படிவத்தில் பெரியவர் பெயர்கூட எழுதவில்லை; ஃபைலையும் அங்கேயே வைத்துவிட்டு வந்துவிட்டார். அன்றைக்கு வந்த மேற்பார்வையாளர், "மார்க் போடுறதுக்கு எனக்கு ஒண்ணுமே நீங்க குடுக்கலியேம்மா" என்று உண்மையான வருத்தத்தோடு சொன்னார். தேர்ச்சி இல்லை.

இரண்டு முறைதான் எழுதலாம். இந்த முறையும் போனால் முதலிலிருந்து ஒரு வருஷம். அருப்புக்கோட்டையில், படுக்கையில் கிடப்பவர்களை வீடு தேடிப் போய்ப் பார்க்கும் ஒரு அமைப்பு, மார்க் வரும்வரை அவருக்காக ஓர் இடத்தை நிறுத்தி வைத்திருக்கிறது. அடுத்த வருஷம்வரை அவர்களால் காத்திருக்க முடியாது.

இந்த முறை உடன் வந்தவர் ராஜகுரு. ஒரு வியாழக்கிழமை, திருச்சுழி தாண்டி வீரசோழன் போகும் பஸ்ஸில் போய் இறங்கினார்கள். இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். வெட்டவெளியில் ஒரு கரிமூட்டம் புகைந்துகொண்டிருந்தது. நிழற்குடையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். நாகஜோதி டப்பாவைக் குழாயில் கழுவிப் பையில் போட்டுக்கொண்டு, "ஞாபகமாப் போட்டேன், பாத்துக்கங்க சார். இதுக்கு மார்க் உண்டா?" என்றார்.

வீடு காளீஸ்வரியுடையது. வயது இருபத்தேழு. திருப்பூரில் வேலை பார்த்த கணவன் நெஞ்சுவலியில் போய் அன்றைக்கு இருபத்திரண்டு நாள். இறப்புச் சான்றிதழுக்கு எழுதிப்போட வேண்டும், வாரிசுச் சான்றிதழ் வாங்க வேண்டும், விதவை உதவித்தொகைக்கு மனுக் கொடுக்க வேண்டும். அவள் எதிலும் கையெழுத்து வைக்கவில்லை. யாரோடும் பேசவும் இல்லை என்று மாமியார் சுப்பம்மாள் வாசலிலேயே சொன்னார். "எம்புள்ளையப் பறிகுடுத்தவ நானே வாயத் தொறந்து அழுதுட்டேன். இவ கல்லு மாதிரி உக்காந்திருக்கா."

நாகஜோதி அனுமதி கேட்டார். தண்ணீர் கேட்டார். சுப்பம்மாள் கொண்டுவந்தார். பிறகு காளீஸ்வரிக்கு எதிரே உட்காராமல் பக்கத்தில், அவள் பார்க்கும் சுவரையே பார்த்தபடி உட்கார்ந்தார். படிவத்தைச் சுப்பம்மாளிடம் கேட்டுக் கேட்டு வரிவரியாக நிரப்பினார். எந்தத் தாள் எதற்கு, எது முதலில், எதற்கு அவசரமில்லை என்பதைச் சுவருக்குச் சொல்வதுபோலச் சொன்னார். காளீஸ்வரி தலையைத் திருப்பவில்லை. ஆனால் அவள் முழங்கை நாகஜோதியின் முழங்கையில் பட்டபோது விலகவும் இல்லை. நேரம் முடிந்தது. ராஜகுரு கையிலிருந்த மார்க் படிவத்தில் ஒரே ஒரு வரி பாக்கி.

அந்தப் படிவத்தை எந்த ஊரில் யார் எழுதினார்களோ. ஆங்கிலத்தில் எழுதித் தமிழாக்கியது என்று பார்த்தாலே தெரியும். கடைசி வரி: 'அடுத்த வருகையின் நாளைப் பயனாளியிடம் வாய்மொழியாகத் தெரிவித்தார். ஆம் / இல்லை.' பக்கத்தில் நட்சத்திரக் குறி. நட்சத்திரம் போட்ட வரியில் 'இல்லை' விழுந்தால் மற்றதெல்லாம் 'ஆம்' ஆனாலும் தேர்ச்சி கிடையாது.

துக்க வீட்டில் போயிட்டு வாரேன் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் இன்னொரு சாவுக்கு வருவதாக ஆகிவிடும். முப்பதாம் நாள் காரியம் கழியும்வரை பேசாமல் எழுந்து போய்விடுவதுதான் மரியாதை. ராஜகுருவும் இந்தப் பக்கத்துக்காரர். அவருக்கும் இது தெரியும். தெரிந்தும் பேனாவால் அந்த வரியைத் தட்டிக் காட்டினார்.

நாகஜோதி வரியைப் பார்த்தார். மகனைப் பறிகொடுத்துவிட்டுக் கதவு நிலையில் சாய்ந்து நிற்கும் சுப்பம்மாளைப் பார்த்தார். படிவம் கேட்பது தவறு என்று அவரால் சொல்ல முடியவில்லை. 'வியாழக்கெழம வாரேன்க்கா' என்ற ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டு எட்டு மாதம் கடந்தவர் அவர். இந்தப் பெண்ணுக்கும் ஒரு கிழமை வேண்டும். அதைச் சொல்ல வாயில்லை.

பையிலிருந்து டப்பாவை எடுத்தார். காளீஸ்வரி கண்ணில் படும்படி, தண்ணீர்ப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார். மூடியை ஒருமுறை அழுத்திவிட்டு, பேசாமல் எழுந்து வெளியே நடந்தார்.

தெருமுனை திரும்பியதும் ராஜகுரு, "யக்கா, டப்பாவ மறந்துட்டீக" என்றார்.

"மறக்கல சார். வச்சிட்டு வந்தேன்."

ராஜகுரு நின்றுவிட்டார். ஃபைலைத் திறந்து பார்த்துவிட்டு, "படிவத்துல டப்பான்னு ஒரு வரி இல்லியேக்கா" என்றார்.

"செத்த வீடுன்னும் ஒரு வரி இல்ல சார்."

ராஜகுரு சிரிக்கவில்லை. வேலையை ஒழுங்காகச் செய்கிறவர். பரிதாபப்பட்டு மார்க் போடுவது படிக்கிறவருக்குச் செய்யும் அவமரியாதை என்று நினைப்பவர். பஸ் வரும்வரை யோசித்தார். மார்க் அனுப்ப அடுத்த வெள்ளிக்கிழமைவரை நாள் இருந்தது. "நீங்க திரும்பி வருவீகன்னு அந்தப் புள்ளைக்குப் புரிஞ்சிருக்கணும். அதுதான் இந்த வரிக்கு அர்த்தம். புரிஞ்சிருச்சுன்னு எனக்குத் தெரிஞ்சா 'ஆம்' போடுறேன். இல்லாட்டி போட மாட்டேன். கோவிச்சுக்கிறாதீக."

"இம்புட்டு யோசிச்சதே பெருசு சார்" என்றார் நாகஜோதி. மனதார அப்படித்தான் நினைத்தார். ஆனாலும் அந்த வாரம் பஸ்ஸில் அவர் பாடம் சொல்லவில்லை. அருஞ்சுனை டப்பாவுக்குப் பதில் சம்படத்தில் சோறு கட்டிக் கொடுத்தார். டப்பா எங்கே என்று கேட்கவில்லை.

அடுத்த வியாழக்கிழமை, இருபத்தொன்பதாம் நாள், இருவரும் மறுபடி போனார்கள். கதவு திறந்திருந்தது. நாகஜோதி அனுமதி கேட்டு, தண்ணீர் கேட்பதற்குள் காளீஸ்வரி எழுந்துவிட்டாள். டப்பாவைக் கொண்டுவந்தாள். கழுவி, துடைத்து, வெயிலில் காய வைத்திருந்த சூடு இன்னும் அதில் இருந்தது. அடியில் கீறியிருந்த நம்பரில் ஒட்டியிருந்த பழைய அழுக்கைக்கூடச் சாம்பல் போட்டுத் தேய்த்திருந்தாள். மூடி மட்டும் இல்லை.

"மூடியக் காணோம்க்கா" என்றாள். இருபத்தொன்பது நாளில் அந்த வீடு கேட்ட அவள் குரல் அதுதான், கரகரவென்று வந்தது. "வர்ற வியாழக்கெழமைக்குள்ள தேடி வைக்கிறேன்."

அவள் தலைக்குப் பின்னால், சுவர் அலமாரியில், கண்ணாடிக்கும் சீப்புக்கும் நடுவே மூடி பளிச்சென்று நிமிர்ந்து நின்றது. ராஜகுரு அதைப் பார்த்தார். ஃபைலைத் திறந்து, பேனா மூடியைப் பல்லால் கழற்றி, 'இல்லை' என்பதன் மேல் ஒரு கோடு இழுத்தார்.

"சரித்தா. மெல்லத் தேடு" என்றார் நாகஜோதி.

அடுப்படியிலிருந்து வந்த சுப்பம்மாளுக்கும் அது கண்ணில் பட்டுவிட்டது. "ஏத்தா, அந்தா..." என்று அலமாரியைக் காட்டக் கையைத் தூக்கினார். தூக்கிய கையை நாகஜோதி பாதி வழியிலேயே பிடித்துக்கொண்டார். தன் இரண்டு கைக்குள்ளும் பொத்தி, மெதுவாகக் கீழே இறக்கினார்.